முதலாமாண்டு விடுதியின் எட்டுப் பலகைகள்

ரேவதி கேட்டது ஒரே ஒரு பக்கம்தான். ஏற்காட்டில் நான் இருபத்தாறு வருடம் வார்டனாக இருந்த முதலாமாண்டு மாணவியர் விடுதியை இப்போது அவள் பார்த்துக்கொள்கிறாள். ஜூனில் பிள்ளைகள் சேர வரும்போது அவர்கள் கையில் கொடுக்க ஒரு தாள் வேண்டுமாம். "சின்ன ஹாஸ்டல்ல இருந்தா எப்படி இருக்கும், எதுக்கெல்லாம் தயாரா வரணும்னு எழுதிக் குடுங்க மிஸ். உங்கள உட்டா வேற ஆருக்குங்க தெரியும்?" என்று போனில் கேட்டாள். கொஞ்சம் ஐஸ் வைத்தால் நான் உருகிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

எழுத உட்கார்ந்தேன். இரண்டு ஸ்வெட்டர், ஒரு குடை, வழுக்காத செருப்பு, இறுக்கமான மூடி போட்ட டப்பா என்று ஐந்தாறு வரி ஓடியது. அதற்குமேல் கை நகரவில்லை. இதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார், இதற்கு நான் எதற்கு என்று எரிச்சல் வந்தது. எனக்கென்று தெரிந்த விஷயம் ஒன்று உண்டென்றால், அது ஐந்தாம் அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதை மறைத்துவிட்டு ஸ்வெட்டரைப் பற்றி எழுதினால் ஏமாற்று வேலை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது, ரேவதி பொறுத்துக்கொள்ளட்டும்.

நான் அடிவாரத்துக்காரி. டைப்பிஸ்ட் வேலைக்கு மனுப் போட்டவளிடம், "ஹாஸ்டலைப் பாத்துக்கறியாம்மா?" என்று கேட்டார்கள். சரி என்றேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு சாவிக்கொத்து, ஒரு பதிவேடு, மூன்று நாள் சரோஜா மேடத்தின் பின்னாலேயே நடந்தது, அவ்வளவுதான்.

சரோஜா மேடம் கல்லூரியில் வேதியியல் பேராசிரியை, எங்களுக்குத் தலைமை வார்டன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எதையும் முதலில் பென்சிலால் எழுதுவார். எழுதியதைப் படித்துக் காட்டி, "மாத்தணுமா?" என்பார். முக்கியமான கேள்வி என்றால் மூன்று தரம் கேட்பார், மூன்று தரமும் அதே குரலில், அவசரமே இல்லாமல். முதல் தடவை வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், இரண்டாம் தடவை யோசித்துச் சொல்வார்கள், மூன்றாம் தடவைதான் உண்மை வரும் என்பது அவருடைய கணக்கு. அதன்பிறகு பென்சில் எழுத்தின்மேல் பேனாவை ஓட்டுவார். மை ஏறிவிட்டால் முடிந்தது. பிரின்சிபால் சொன்னாலும் மாற்ற மாட்டார்.

அந்த மூன்று நாளில் அவர் எனக்குச் சொன்னவை மூன்று விஷயங்கள். "தலையை எண்ணாத தனலட்சுமி, செருப்பை எண்ணு. பேர் கூப்பிட்டா ஒருத்திக்கு இன்னொருத்தி 'உள்ளேன் மிஸ்'னு சொல்லிடுவா. இந்தக் குளிர்ல வெறுங்காலோட எவளும் வெளிய போகமாட்டா" என்றார். விடுதி ஒரு பழைய எஸ்டேட் பங்களா. எட்டு அறை, அறைக்கு மூன்று பேர், இருபத்து நான்கு பிள்ளைகள். வாசல் சேறாக இருக்கும் என்பதால் செருப்பை அறைக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தினமும் மூன்று வேளை வராந்தாவில் நடந்து செருப்புகளை எண்ணுவேன். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருப்பேன், என் மகள் கையைப் பிடித்து இழுப்பாள்.

இரண்டாவது, கதவு. "மூணு தட்டு தட்டு. பதில் வரலைன்னா திரும்பி வந்துடு. வீட்டை விட்டு வந்த பொண்ணுங்களுக்கு அந்த ரூம்தான் வீடு. வீட்டுக்குள்ள திபுதிபுன்னு யாரும் நுழையக்கூடாது" என்றார். மூன்றாவது, கட்டடத்தில் ஓர் ஆணி அடிப்பதாக இருந்தாலும் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்கவேண்டும். முதல் இரண்டையும் நான் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன். மூன்றாவதைத்தான் மீறினேன்.

சின்ன விடுதியில் என்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்டாள் அல்லவா ரேவதி? சொல்கிறேன். துணி காயாது. நவம்பரில் போர்வையைப் பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருக்கும். முதல் இரண்டு நாள் எல்லாப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே திரிவார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் சாம்பார் சாதத்தை வாயில் வைக்கும்போது ஒருத்திக்குக் கண் கலங்கும், அடுத்த நிமிஷம் மேஜை முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். உனக்கு யார் போன் பண்ணினார்கள், நீ எத்தனை தோசை தின்றாய், யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் இருபத்து மூன்று பேருக்கும் தெரியும். சண்டை போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடமிருக்காது, திருப்பினால் அங்கேயும் ஒருத்தி நிற்பாள். பெரிய விடுதிக்காரிகளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு நீ வரவில்லை என்றால், இங்கே அது யாராவது ஒருவருக்குத் தெரிந்துவிடும். இந்த ஒன்றுக்காகத்தான் நான் சின்ன விடுதியை நம்பினேன்.

அது நடந்தது நான் வார்டனாகிப் பன்னிரண்டாவது வருடம், அப்போது ஐந்தாம் அறையில் மூன்று பேர். அதில் ஒருத்தி சனி, ஞாயிறு வந்தால் சேலத்துக்குப் போய்விடுவாள், அவளை விட்டுவிடுவோம். மற்ற இருவர் காவேரியும் ஷர்மிளாவும். காவேரி இந்த மலைக்காரி. வாழவந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் அவள் ஊர் வரும். அங்கிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள்தான். அப்பா சடையப்பன் ராகியும் கொஞ்சம் காப்பியும் போட்டிருந்தார். ஷர்மிளா ஆத்தூர்ப் பெண், மளிகைக்கடை வைத்திருந்தவர் மகள், குளிர் என்றால் என்னவென்றே தெரியாமல் வந்தவள். மூன்றாம் நாள் அழுகையில் எல்லோரும் ஓய்ந்த பிறகும் இவள் ஓயவில்லை. காவேரிதான் அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். "எங்க மலைக்கு வந்த பொண்ணுங்க மிஸ், நாந்தான பாத்துக்கணும்" என்று என்னிடம் பெரிய மனுஷி மாதிரி சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து குரங்கு. பங்களாவின் ஒவ்வோர் அறையிலும் சுவரின் உச்சியில், கூரையை ஒட்டி, முழ நீளத்துக்கு ஒரு திறப்பு இருந்தது. அந்தக் காலத்து வென்டிலேட்டர். அதில் அடித்திருந்த வலை துருப்பிடித்துப் பிய்ந்து தொங்கியது. அதன் வழியாகக் குரங்கு உள்ளே இறங்கி முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகும். முறுக்கோடு போனால் பரவாயில்லை. ஒருத்தியின் ஹால் டிக்கெட்டைக் கிழித்தது. இன்னொருத்தியின் தலையணையில் மூத்திரம் பெய்துவிட்டுப் போனது. பிள்ளைகள் இருபத்து நான்கு பேரும் கையெழுத்துப் போட்ட மனுவோடு என் அறை வாசலில் வந்து நின்றார்கள்.

மேடத்துக்குக் கடிதம் எழுதியிருக்கவேண்டும். எழுதினால் அவர் பென்சிலால் குறித்துக்கொள்வார், அலுவலகத்துக்கு அனுப்புவார், அங்கிருந்து ஆள் வந்து அளந்துகொண்டு போவார், மூன்று மாதமாகும். அதற்குள் குரங்கு இங்கேயே குடும்பம் நடத்தும். நான் என்ன செய்தேன்? கல்லூரியில் பெஞ்சு சரிசெய்ய வந்திருந்த ஆசாரியைக் கையோடு கூட்டிவந்து எட்டு அறைக்கும் எட்டு பிளைவுட் பலகை அடிக்கச் சொன்னேன். அவர் நல்ல வேலைக்காரர். சுவரோடு சுவராகத் தெரியவேண்டுமென்று வெள்ளையும் அடித்துவிட்டுப் போனார். பிள்ளைகள் கைதட்டினார்கள். "ரூம் கதகதன்னு இருக்குதுங்க மிஸ்" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மழை பிடித்தது. ஒன்பது நாள் சூரியனைப் பார்க்கவில்லை. பனிமூட்டம் வராந்தாவுக்குள்ளேயே வந்து நிற்கும், எதிரில் வருகிறவள் யாரென்று குரலை வைத்துத்தான் தெரியும். திங்கட்கிழமை முதலாமாண்டுக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு. சரோஜா மேடத்தின் வகுப்பில் துவைத்த, காய்ந்த வெள்ளை கோட்டு இல்லாமல் யாரும் உள்ளே போகமுடியாது. ஷர்மிளாவின் கோட்டு வியாழக்கிழமை துவைத்தது, ஞாயிற்றுக்கிழமையும் சொதசொதவென்று இருந்தது. அதை வராந்தாக் கொடியில் தொங்கவிட்டிருந்தாள். வராந்தாவில் துணி தொங்கினால் எனக்குப் பிடிக்காது. காலையிலேயே கத்தினேன். "ஏண்டி, இது ஹாஸ்டலா, வண்ணாந்துறையா? எடுத்துட்டு உள்ள போங்கடி ரெண்டு பேரும்!" இரண்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஈரக் கோட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டன.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு, ஒருத்தியும் தாமதிக்க மாட்டாள். ஊருக்குப் போனவர்கள் போக இருபத்தொரு பேர் இருக்கவேண்டும். பத்தொன்பது தட்டுதான் விழுந்தது. வராந்தாவில் நடந்தேன். ஐந்தாம் அறை வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. உள்ளேதான் இருக்கிறார்கள், கணக்குச் சரி. கதவை மூன்று தட்டுத் தட்டினேன். பதில் இல்லை. கோபம், காலையில் வாங்கிய திட்டுக்கு மத்தியானம் பட்டினிப் போராட்டம், பசித்தால் தானாக வருவார்கள் என்று நினைத்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

திரும்பி வந்து நான் சாப்பிட்டேன். இதை எழுதாமல் விடக்கூடாது என்றுதான் இத்தனை நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்து, நிதானமாக, இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன். எப்படியும் இருபது நிமிஷம் ஆகியிருக்கும்.

கை கழுவும்போது சமையல் முனியம்மாக்கா கேட்டார். வெள்ளக்கடைப் பக்கம் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்துவிட்டு எங்களிடம் வேலைக்கு வந்தவர், வாஞ்சையான மனுஷி. "ஏனுங்க அம்மிணி, அஞ்சாம் நம்பரு புள்ளைங்க இன்னும் வரலீங்களா? இந்நேரம் துணி காஞ்சிருக்குமே."

"எப்படிக்கா காயும்?"

"கங்கு கேட்டுச்சுங்க காவேரி. பழைய இரும்புச் சட்டியில அள்ளிக் குடுத்தனுங்க. புகையுற கட்டையெல்லாம் தள்ளீட்டு, நல்லா வெந்த கங்காப் பாத்து அதுவே பொறுக்கிக்கிச்சு. துளிப் புகை வராதுங்க."

எனக்கு வேதியியல் தெரியாது. ஆனால் மூடிய அறையும் அந்தப் பலகையும் கண்முன்னால் வந்தன. ஈரக் கையோடு ஓடினேன். கதவை மூன்று தட்டா தட்டினேன்? இரண்டு கையாலும் அறைந்தேன். "காவேரி! ஷர்மி! கதவைத் தொறங்கடி, ஐயோ, தொறங்கடி சாமி!" உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சைத் தூக்கிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து இடித்தோம். நாலாவது இடியில் தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டது. கதவு அப்போதும் முழுக்கத் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் காவேரி கிடந்தாள்.

குளிர் வரக்கூடாதென்று கதவின் அடியில் துண்டைச் சுருட்டி வைத்திருந்தார்கள். காவேரியின் கை அந்தத் துண்டின்மேல் இருந்தது. தலை சுற்றியதும் இழுக்கப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. ஷர்மிளா கட்டிலில் தூங்குகிற மாதிரியே இருந்தாள். நாற்காலியில் கோட்டு மொடமொடவென்று காய்ந்து தொங்கியது. நடுவில் சட்டியில் கங்கு சிவப்பாக, அமைதியாக இருந்தது. அறையில் ஒரு வாசனை கிடையாது, ஒரு இழை புகை கிடையாது. புகை வந்திருந்தால் அவர்களே இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்திருப்பார்கள்.

இருவரையும் வராந்தாவுக்கு இழுத்துப் போட்டோம். பனிக்காற்று பட்டதும் காவேரி வாந்தி எடுத்தாள், கண் திறந்தாள். ஷர்மிளா அசையவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. ஏற்காட்டில் ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் சேலத்துக்கு அனுப்பினார்கள். நான் கூடப் போனேன். பனியில் வண்டி ஆமை வேகத்தில் இறங்கியது. இருபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணினேன். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்? ஒவ்வொரு வளைவிலும் இவள் அம்மாவிடம் என்ன சொல்வேன், இருபது நிமிஷம் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வேன் என்றே நினைத்தேன். அடிவாரத்துக்குச் சற்று மேலே அவள் "அம்மா" என்றாள். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

ஷர்மிளா பிழைத்துக்கொண்டாள். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், பிறகு ஊருக்குப் போனாள். திரும்பி வந்து படித்தும் முடித்தாள்.

செவ்வாய்க்கிழமை சரோஜா மேடம் விசாரணை வைத்தார். முதலில் காவேரியை உட்காரவைத்தார். "கங்கு யார் கொடுத்தது?" என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அவள், "நானாத்தானுங்க மேடம் எடுத்தேன், யாருக்கும் தெரியாதுங்க" என்றாள். முனியம்மாக்கா பெயர் அவள் வாயிலிருந்து வரவில்லை. பிறகு என்னைக் கேட்டார். சொன்னேன்: செருப்பை எண்ணியது, மூன்று தட்டு, பெஞ்சு. கங்கு அவளே எடுத்தாள் என்பதையும் மறுத்துப் பேசவில்லை. மேடம் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். கடைசியில், "நான் தெரிஞ்சுக்க வேண்டியது வேற ஏதாவது இருக்கா தனலட்சுமி?" என்றார்.

"இல்லைங்க மேடம்."

மறுபடி அதே கேள்வி. "இல்லைங்க மேடம்." மூன்றாம் தடவையும் கேட்டார். "இல்லைங்க மேடம்" என்றேன். அவருடைய மூன்று தரக் கணக்கு என்னிடம் பொய்த்தது. திங்கட்கிழமை நான் சேலத்தில் இருந்தபோது அவர் அந்த அறையைப் பார்த்திருந்தார். ஆனால் பலகைக்குத்தான் ஆசாரி வெள்ளையடித்துவிட்டாரே, அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

விடுதிக்குள் தீ மூட்டினால் நீக்கம் என்பது விதி. விதிப்படி காவேரியை விடுதியைவிட்டு நீக்குவதாக மேடம் பென்சிலால் எழுதினார். விடுதி இல்லையென்றால் அவளுக்குப் படிப்பு இல்லை. அந்த ஊரிலிருந்து தினமும் நடந்து, பஸ் பிடித்து, பனியில் வந்து போவது ஆகாத காரியம். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் வேலை தப்பியது என்றுகூட நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

புதன்கிழமை மத்தியானம் சடையப்பன் மகளைக் கூட்டிப்போக வந்தார். தோளில் போர்வை, கையில் கயிறு. அறைக்குள் போய்ப் படுக்கையைச் சுருட்டிக் கட்டினார். காவேரி டிரங்குப் பெட்டியைப் பூட்டினாள். நான் வாசலில் நின்றேன். அவர் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தவர், மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வார்டனம்மா, புள்ளையச் சேக்க வந்தப்ப மேல காத்துவழி இருந்துச்சேங்க. காத்து நொம்ப வருது, போத்திக்கிட்டுப் படு கண்ணுன்னு சொல்லீட்டுப் போனனுங்க."

"குரங்கு..." என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். சத்தம் போடுவார், என்னைக் கேள்வி கேட்பார் என்று நினைத்தேன். "செரிங்க" என்றார். படுக்கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வெளியே இறங்கினார். காவேரி என்னிடம், "போயிட்டு வாரனுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. பிறகு கல்லூரிக்கு ஓடினேன். சரோஜா மேடம் பேனாவைத் திறந்து பென்சில் எழுத்தின்மேல் எழுதத் தொடங்கியிருந்தார். மூன்றாவது வரிவரை மை ஏறியிருந்தது.

"மேடம், வென்டிலேட்டரை நாந்தானுங்க அடைச்சேன். எட்டு ரூமும். உங்களைக் கேக்கல."

பேனாவைக் கீழே வைத்தார். "இதை நேத்து ஏன் சொல்லல?"

"மறந்துட்டேனுங்க மேடம்."

"இதை நேத்து ஏன் சொல்லல?"

"நீங்க பலகையைப் பத்திக் கேக்கலீங்களே."

"இதை நேத்து ஏன் சொல்லல தனலட்சுமி?"

"பயமுங்க மேடம். வேலை போயிரும்னு பயம்."

அவர் அந்தத் தாளை இரண்டாகக் கிழித்தார், நான்காகக் கிழித்தார். மை ஏறிய தாளை அவர் கிழித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. முப்பது வருஷமா கரும்பலகையில எழுதிப் போடறேன். கோட்டு காயாம வந்தா உள்ள விடமாட்டேன்னு சொன்னதும் நான்தான்" என்றார். புதுத் தாள் எடுத்து, என் பெயரை முதலில் எழுதினார்.

காவேரியைத் திரும்பக் கூட்டிவரப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வாழவந்தி பஸ் போய்விட்டிருந்தது.

திரும்பி வந்து ஆசாரியைத் தேடவில்லை. ஏணி போட்டு, சுத்தியலின் பின்பக்கத்தால் எட்டுப் பலகையையும் நானே பிடுங்கினேன். உள்ளங்கை கிழிந்தது, நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய், வாழவந்தியில் இறங்கி, வழி கேட்டு நடந்தேன். சடையப்பன் வீட்டில் நடுக்கூடத்தில் கங்குச் சட்டி இருந்தது. சுற்றி உட்கார்ந்து ராகிக் களி தின்றுகொண்டிருந்தார்கள். அந்தச் சட்டியைப் பார்த்ததும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"உக்காருங்க, ஒண்ணுமாகாதுங்க. எங்க ஊட்டுல கூரையே மூச்சு உடுமுங்க" என்றார்.

அவரிடமும் அவர் மகளிடமும் மன்னிப்புக் கேட்டேன். தலைமுறை தலைமுறையாகக் கங்கு மூட்டிய வீட்டுப் பெண் செய்யக்கூடாத ஒன்றையும் செய்யவில்லை, கூரையின் மூச்சை அடைத்தது நான் என்று சொன்னேன். காவேரி களி உருண்டையைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பலகையப் புடுங்கீட்டீங்களா மிஸ்?"

"எட்டும் புடுங்கியாச்சு சாமி. என் கையைப் பாரு."

பார்த்தாள். எழுந்து கை கழுவிவிட்டு டிரங்குப் பெட்டியை எடுத்துவந்தாள்.

எனக்கு எழுத்துமூலமான கண்டனம் கிடைத்தது. வேலை போகவில்லை. கதவு விதியில் மட்டும் மேடம் ஒரு வரி சேர்த்தார்: பதில் வரும்வரை தட்டுவதை நிறுத்தக்கூடாது. அதற்குப் பிறகு நான் இருந்த பதினான்கு வருடமும், எந்த அறைக்குள் போனாலும் முதலில் தலையைத் தூக்கி மேலே பார்ப்பேன். பிள்ளைகள் எனக்கு 'கூரை மிஸ்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும்.

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு நேற்றுக் காலை மலையேறினேன். கையில் கொடுத்துவிட்டு, பழைய பங்களாவை இடித்துக் கட்டிய புது விடுதியையும் பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணம். ரேவதி ஆசையாகச் சுற்றிக் காட்டினாள். நல்ல கட்டில், நல்ல வெளிச்சம். அறை அறையாக நான் மேலே பார்த்தேன். எல்லா அறையிலும் காற்றுவழி திறந்திருந்தது. என் மனசு கொஞ்சம் அடங்கியது.

"குளியலறையப் பாருங்க மிஸ்! கேஸ் கீசர் போட்டிருக்கறோம். கரண்டே இல்லாட்டியும் சுடுதண்ணிங்க" என்று குழாயைத் திருகிக் காட்டினாள். சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டிக்குள் குப்பென்று நீலத் தீ பற்றிக்கொண்டது. கீழே ஆவி பறக்கத் தண்ணீர் கொட்டியது. அவள் குளிருக்காகக் கதவை நன்றாகச் சாத்தினாள்.

"பாருங்க மிஸ், துளிப் புகை வராதுங்க" என்றாள்.

நான் மேலே பார்த்தேன். காற்றுவழிமேல் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் தகடு இருந்தது. நான்கு மூலையிலும் ஸ்க்ரூ.

"அது என்ன கண்ணு?"

"குரங்குங்க மிஸ்! சோப்பு, ஷாம்பு ஒண்ணு உடறதில்லீங்க. போன வாரம் நானே ஆளக் கூப்பிட்டு எல்லா பாத்ரூமுக்கும் அடிச்சுட்டனுங்க."

"ஆபீசுக்கு லெட்டர் எழுதினியா?"

"எழுதுனா மூணு மாசமாகும், உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று சிரித்தாள்.

நான் குழாயை மூடினேன். நீலத் தீ அணைந்தது. கதவை அகலத் திறந்து வைத்தேன். கையிலிருந்த தாள்களை அவளிடம் கொடுத்து, அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கச் சொன்னேன். ஐந்தாம் அறைக்கு வந்த இடத்தில் அவள் முகத்திலிருந்த சிரிப்பு போனது. எட்டுப் பலகை பிடுங்கியதைப் படித்தபோது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"மிஸ்..." என்றாள்.

"ஸ்க்ரூ டிரைவர் எங்க கண்ணு வெச்சிருக்கற?" என்று கேட்டேன்.